பூக்குழிக்கு எந்தக் கேமரா?

"4கே போட்டிருக்குல்ல, அப்புறம் என்ன, படம் பளிச்சுன்னு இருக்கும்." எங்கள் கோவில் கமிட்டியில் இந்த ஒரு வரி விழுந்த பிறகு வேறு பேச்சே எடுபடவில்லை. சொன்னவர் என் தாய்மாமா. கமிட்டிக்குப் பொருளாளர், காசு அவர் கையில் இருப்பதால் அவர் சொல்லுக்கு எடை கொஞ்சம் அதிகம். நான் எதிர்த்து எதுவும் பேசவில்லை, ஆனால் அந்த வரி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு பல மாதம் அரித்தது. தப்பு என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று விட்டுவிடவும் மனசு வரவில்லை.

ரங்கூனிலிருந்து பாலம் தாண்டி சிரியம் பக்கம் போனால் நம் ஆட்கள் இருக்கிற கிராமங்கள் வரும், அதில் ஒன்றில் எங்கள் அம்மன் கோவில். வருடா வருடம் தீமிதி நடக்கும். அறுபதுகளில் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், வேலைக்குப் போன நம் பையன்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள், எல்லோருக்கும் திருவிழா வீடியோ வேண்டும். இத்தனை காலம் வாடகைக்கு வீடியோக்காரரைக் கூப்பிட்டோம். இனிமேல் கோவிலுக்கென்று சொந்தமாக ஒரு வீடியோ கேமரா வாங்கிவிடலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. போனில் எடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். மணிக்கணக்கில் விடாமல் எடுக்கவேண்டும், குழிப் பக்கத்துச் சூட்டில் போன் கொதிக்கும், நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், தூரத்து முகத்தைக் கிட்டத்தில் இழுக்கவேண்டும். அது தனிச் சண்டை, இங்கே அதற்குள் போகவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இரவலாக இரண்டு கேமரா கிடைத்தது. ஒன்று டவுனில் புதிதாக வாங்கியது, யாரும் கேள்விப்படாத கம்பெனி, பெட்டியில் 4கே, 48 மெகாபிக்சல், 16எக்ஸ் ஜூம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மற்றது என் மச்சானுடைய பழைய கேனான் எச்எஃப் ஜி10. 2011-இல் வந்த மாடல், ஜப்பானில் யாரோ பயன்படுத்தி, கைமாறி இங்கே வந்து சேர்ந்தது. பிடியில் ரப்பர் உரிந்து போயிருக்கும், 4கே கிடையாது, ஃபுல் ஹெச்டி மட்டும்தான். "ரெண்டுலயும் எடுப்போம் மாமா, எது நல்லா வருதோ அந்த மாதிரி ஒண்ணு வாங்கிடலாம்" என்றான் மச்சான். மாமாவும் சரி என்றார், பதில் தனக்கு முன்பே தெரியும் என்கிற முகத்தோடு.

அத்தை கேட்ட கேள்வி

இப்போதெல்லாம் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது என்பதால், எங்கள் தெருவுக்கு வருகிற நேரம் பார்த்து எல்லோரும் மாமா வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். முதலில் பகலில் எடுத்த பால்குட ஊர்வலம். உண்மையைச் சொல்லவேண்டும், புதுக் கேமரா பகலில் மோசமில்லை. உச்சி வெயில், வெள்ளை வேட்டி, பித்தளைக் குடம், பின்னால் அறுத்து முடித்த வயல், எல்லாம் கூர்மையாகத் தெரிந்தது. மச்சானுடைய படம் அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் மந்தமாகக்கூட இருந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், நானும் டீயைக் குடித்துக்கொண்டே சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அப்புறம் ராத்திரிப் படம் வந்தது. தீமிதி எப்படி என்று உங்களுக்குத் தெரியும், பொழுது இறங்கிய பிறகுதான் கரகம் முன்னே வரும், பின்னால் மஞ்சள் கட்டியவர்கள் வரிசையாக வருவார்கள். வெளிச்சம் என்று பார்த்தால் கோவில் முகப்பில் டியூப்லைட், வேலியோரம் கட்டிய சின்ன பல்புகள், அப்புறம் குழியின் கனல், அவ்வளவுதான். புதுக் கேமராவின் படத்தில் மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் வேப்பிலையோடு குழியில் இறங்குகிறாள். அத்தை பாயிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்து, "யாருடி இது? பக்கத்து வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. முகம் வழவழவென்று இருந்தது. கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நிழல், மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு நிழல். பின்னால் எழும்பிய புகை சதுரம் சதுரமாக உடைந்து ஊர்ந்துகொண்டிருந்தது. சேலையின் மஞ்சள், கனலின் சிவப்பு, இரண்டும் கலந்து ஒரே ஆரஞ்சுத் திட்டாகிவிட்டது. படத்தின் அளவு 4கேதான், டிவியிலேயே மூலையில் அப்படித்தான் காட்டியது.

மச்சான் தன்னுடைய படத்தைப் போட்டு அதே இடத்துக்கு ஓட்டினான். அதில் மணல் மணலாகப் புள்ளிகள் ஆடின, இருட்டுப் பக்கம் முழுக்கக் கரகரவென்று இருந்தது, பார்த்தவுடன் "சுத்தமில்லை" என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெண் முகத்தைத் திருப்பினபோது மூக்குத்தி ஒரு தடவை மின்னியது, அத்தை உடனே, "அட, நம்ம சின்ன மருமவடா!" என்று கத்தினார். சின்ன மருமகள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சிரித்தாள். அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரியும், யாராவது கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மாமா முதலில் டிவிதான் சரியில்லை என்றார். அப்புறம் "நிறுத்து, நிறுத்து, அந்த இடத்துல நிறுத்து" என்று இரண்டையும் மாற்றி மாற்றி நிறுத்தச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தார். எதுவும் பேசவில்லை. கடைசியில் என்னிடம் திரும்பி, "ஏன் மாப்ளே, இதுல எங்கடா இருக்கு 4கே?" என்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவருக்கு அங்கேயே ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இனி எழுதப்போவது அந்தப் பதில்தான், கொஞ்சம் நீளமாக.

வெளிச்சம் எங்கே போகிறது

4கே என்பது 3840க்கு 2160 புள்ளி, கிட்டத்தட்ட 83 லட்சம். ஃபுல் ஹெச்டி 1920க்கு 1080, கிட்டத்தட்ட 20.7 லட்சம். நாலு மடங்கு வித்தியாசம், அதில் பொய் இல்லை. ஆனால் அது முடிவில் எழுதப்படுகிற கோப்பின் அளவு மட்டும்தான். அந்தப் புள்ளிகளுக்குள் நிரப்ப உண்மையான விவரம் இருக்கிறதா என்பது லென்ஸுக்குப் பின்னால் இருந்துகொண்டு வெளிச்சத்தைப் படமாக மாற்றுகிற சென்சாரையும், அதன்மேல் விழுகிற வெளிச்சத்தையும் பொறுத்தது. பெயரில்லாத பெட்டிகளில் பல, சின்னச் சென்சாரில் குறைந்த புள்ளிகளை எடுத்து, உள்ளேயே கணக்குப் போட்டு ஊதிப் பெரிதாக்கி 4கே என்று எழுதிவிடுகின்றன. 48 மெகாபிக்சலும் அப்படி வந்த எண்தான். வெயிலில் இந்த வேலை அவ்வளவாகத் தெரியாது, கிராமத்துக் கோவில் இருட்டில் தெரிந்துவிடுகிறது.

மச்சானுடைய ஜி10 இதற்கு நேரெதிர். அதன் சென்சார் அளவு மூன்றில் ஒரு அங்குலம் என்பார்கள், அதில் மொத்தமே ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிதான், அதாவது ஃபுல் ஹெச்டிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே. மெகாபிக்சல் போட்டி நடந்துகொண்டிருந்த காலத்தில் கேனான் வேண்டுமென்றே இப்படிச் செய்தது. புள்ளிகள் குறைவு என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் அதிகம், இடம் அதிகம் என்றால் அதில் விழும் வெளிச்சமும் அதிகம். வெளிச்சம் போதாதபோது கேமரா உள்ளே மின்சாரத்தால் படத்தைத் தூக்கிவிடும், அதற்குப் பெயர் கெயின். 6 டெசிபெல் தூக்கினால் இரண்டு மடங்கு, 18 டெசிபெல் என்றால் எட்டு மடங்கு. படத்தோடு கூடவே கரகரப்பும் எட்டு மடங்காகிவிடும். அந்தக் கரகரப்பை மறைக்கத்தான் மலிவுக் கேமராக்கள் முகத்தை வழித்து விடுகின்றன. அத்தையால் மருமகளைக் கண்டுபிடிக்க முடியாமல் போனது அதனால்தான். கரகரப்போடு சேர்த்து மூக்குத்தியும் வழித்தெடுக்கப்பட்டுப் போய்விட்டது.

சென்சார் அளவு பெட்டியில் பெரும்பாலும் இருக்காது, கம்பெனியின் விவரப் பட்டியலில் தேடவேண்டும். அங்கேயும் ஒரு குழப்பம் உண்டு. ஒரு அங்குல சென்சார் என்று போட்டிருந்தால் அது ஒரு அங்குலம் இருக்காது, 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான். பழைய டிவி கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து வந்த கணக்கு அது, குழாய் போய் அரை ஆயுள் ஆன பிறகும் கணக்கு மட்டும் நிற்கிறது. மூன்றில் ஒரு அங்குலம் என்பது சுமார் 4.8க்கு 3.6 மில்லிமீட்டர். பரப்பைக் கணக்குப் போட்டால் ஒரு அங்குலச் சென்சார் இதைவிட ஏறக்குறைய 7 மடங்கு.

அப்போ ஒரு அங்குலச் சென்சார் உள்ளதை வாங்கிவிட்டால் போச்சு என்று மச்சான் குதித்தான். 2014-இல் வந்த சோனி ஏஎக்ஸ்100 அப்படிப்பட்டது, நிஜமான 4கே, நல்ல கேமராதான். ஆனால் லென்ஸையும் பார்க்கவேண்டும். அதன் லென்ஸ் முழு அகலத்தில் எஃப்2.8, ஜி10-இன் லென்ஸ் எஃப்1.8. எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிதாகும், இந்த இரண்டுக்கும் நடுவே வெளிச்சத்தில் சுமார் 2.4 மடங்கு வித்தியாசம். ஆக சென்சாரில் கிடைத்த 7 மடங்கு லாபம், லென்ஸைத் தாண்டி வரும்போது ஏறக்குறைய 3 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. அப்போதும் லாபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சென்சாரை மட்டும் பார்த்தோ லென்ஸை மட்டும் பார்த்தோ விலை பேசுகிறவர்கள் பாதிக் கணக்குதான் போடுகிறார்கள்.

ஜூம் விஷயத்தில் எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம் உண்டு. கடையில் முதலில் கேட்பது "எத்தனை எக்ஸ்?" என்பதுதான். புதுப் பெட்டியில் இருந்த 16எக்ஸ் முழுக்க டிஜிட்டல், அதாவது படத்தின் நடுவை வெட்டி ஊதுவது, அதற்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை, வீட்டில் கம்ப்யூட்டரில் நாமே செய்துகொள்ளலாம். உண்மையான லென்ஸ் ஜூமிலும் ஒரு விலை இருக்கிறது. சோனியின் சிஎக்ஸ்405 என்று ஒரு சின்னக் கேமரா, 30எக்ஸ் லென்ஸ் ஜூம், கையடக்கம், பகலுக்கு அருமை. அதன் லென்ஸ் அகலத்தில் எஃப்1.8, முழுக்க இழுத்தால் எஃப்4. அதாவது கிட்டத்தில் இழுக்க இழுக்க வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. சென்சாரும் மிகச் சின்னது. அதை வைத்துக்கொண்டு ராத்திரியில் மரத்தடியில் நின்று குழியை ஜூம் போட்டால் கேமரா திணறத்தான் செய்யும். கேமராக்காரர் நடந்து குழியின் மறுமுனைக்கு, பால் குழிப் பக்கம் போய் நின்றால், அதே கேமரா பல மடங்கு நல்ல படம் கொடுக்கும். கால் இருக்கிறபோது ஜூம் எதற்கு என்பது என் கட்சி, கூட்டத்தில் இடிபட்டவர்கள் வேறு சொல்லக்கூடும்.

விளம்பரத்தில் வருகிற "1 லக்ஸ் வெளிச்சத்திலும் எடுக்கும்" என்பதையும் நம்பவேண்டாம். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை உள்ளே விடுகிற கதவை, மெதுவாக்கி, கெயினை உச்சிக்கு ஏற்றி, ஏதோ உருவம் தெரிகிறது என்கிற அளவில் எடுத்த எண் அது. நடந்து போகிறவர் இழுபட்டுத் தெரிவார்.

மூட்டை ஒன்றுதான்

புகை ஏன் சதுரம் சதுரமாக உடைந்தது? மாமாவை ரொம்ப உறுத்தியது அதுதான். கேமரா எடுத்ததை அப்படியே எழுத முடியாது, சுருக்கித்தான் எழுதும். ஒரு நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று ஒரு வரம்பு வைத்திருக்கும். ஜி10 எழுதுகிற ஏவிசிஹெச்டி வகையில் உச்சம் 24 மெகாபிட். சுருக்குகிற முறை எளிது: முந்தைய படத்திலிருந்து என்ன மாறியதோ அதை மட்டும் எழுது, மாறாததை விட்டுவிடு. மேடையில் நின்று ஒருவர் பேசினால் சுவர் மாறாது, நாற்காலி மாறாது, வாய் மட்டும் அசையும், கொஞ்சம் மெகாபிட்டே போதும். தீமிதியில் மாறாதது என்று எதுவுமே கிடையாது. பொறி பறக்கிறது, புகை சுருள்கிறது, கூட்டம் தள்ளுகிறது, மஞ்சள் தண்ணீர் தெறிக்கிறது. சுருக்கும் எந்திரத்துக்கு இதைவிடக் கஷ்டமான காட்சி கிடைப்பது அபூர்வம்.

இதில் கரகரப்பு வேறு சேர்ந்துகொள்ளும். இருட்டில் ஆடுகிற புள்ளி ஒவ்வொன்றும் எந்திரத்தின் கண்ணுக்கு "மாறிய விவரம்"தான், அதற்கும் மெகாபிட்டைச் செலவழிக்கும். மில்லில் தூற்றாத நெல்லை மூட்டை கட்டுவதுபோல, மூட்டை ஒன்றுதான், பதர் ஏற ஏற உள்ளே அரிசி குறையும். பெயரில்லாத 4கே கேமராவில் மூட்டை சின்னது, அதில் திணிக்கவேண்டிய புள்ளி நாலு மடங்கு, சென்சார் சின்னது என்பதால் பதரும் அதிகம். பகலில் பதரே இல்லாததால் தப்பித்துக்கொண்டது. இதனால்தான் சென்சாரும் மெகாபிட்டும் தனித்தனி விஷயம் என்று நான் நினைப்பதில்லை. இருட்டில் முதலாவது தோற்றால் இரண்டாவதும் கூடவே தோற்கிறது.

நல்ல 4கே கேமராக்கள் 60 அல்லது 100 மெகாபிட்டில் எழுதும். அப்போது படம் பதிகிற மெமரி அட்டைக்கும் கணக்கு வேண்டும். 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட், 24 மெகாபிட் என்றால் 11 ஜிகாபைட்டுக்குள். 64 ஜிபி அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க 4கே எடுக்கலாம் என்று கமிட்டியில் யாரோ சொன்னார், ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. அந்தக் கோப்பை ரங்கூனில் கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் காப்பி எடுத்து முடிக்கவும் வேண்டும்.

நம் வீட்டுப் பழைய கல்யாணங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கும் இதுதான் பதில். விசிடி காலம் ஞாபகம் இருக்கும். டிஜிட்டல் வீடியோ டேப்பில் நொடிக்கு 25 மெகாபிட்டில் எடுத்ததை, விசிடியில் 352க்கு 240 புள்ளியாகக் குறைத்து, 1.15 மெகாபிட்டில் நசுக்கினோம். அட்சதை போடுகிற இடத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறும், எல்லா வீட்டு விசிடியிலும் அந்த இடம் அப்படித்தான். கேமராக்காரரைத் திட்டினோம், அவர் டேப்பில் முகமெல்லாம் நன்றாகவே இருந்திருக்கும். யாராவது அந்த டேப்பை இன்னும் வைத்திருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், ஓடுகிற டெக் கிடைக்கும்போதே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். இன்று ஃபேஸ்புக்கும் வைபரும் அந்த விசிடி வேலையைத்தான் செய்கின்றன.

ஐம்பதும் அறுபதும்

இது பர்மாவில் இருக்கிற நமக்கென்றே வாய்த்த தலைவலி. மச்சானுடைய படத்தில் முகம் தெரிந்தது சரி, ஆனால் டியூப்லைட் பக்கம் கேமரா திரும்பும்போதெல்லாம் படம் படபடவென்று துடித்தது. மாமா அதைப் பிடித்துக்கொண்டார், "இது மட்டும் ஒழுங்கா?" என்று. நியாயமான கேள்வி.

சுற்றியிருக்கிற இந்தியா, பங்களாதேஷ், சீனா, தாய்லாந்து எல்லாம் பழைய டிவியில் பால் (PAL) என்கிற ஒளிபரப்பு முறை வைத்திருந்தபோது, பர்மா மட்டும் ஜப்பான், அமெரிக்கா மாதிரி என்டிஎஸ்சி (NTSC) என்கிற வேறு முறை வைத்தது. அந்தக் கேமராக்கள் நொடிக்கு 60 என்கிற கணக்கில் எடுப்பவை. ஆனால் நம் வீட்டுக்கு வருகிற கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்தக் கரண்டில் எரிகிற பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். மலிவான எல்இடி பல்புகள் பலவும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாது. கேமரா அறுபதில் ஒரு நொடி திறந்திருந்தால் அதற்குள் ஒன்றே முக்கால் தடவைக்குக் கொஞ்சம் குறைய விழும், அடுத்த படத்தில் வேறு பகுதி விழும், ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்து துடிப்பாகத் தெரியும். ஜப்பானிலிருந்து வரும் கேமராவும் 50 ஹெர்ட்ஸ் டியூப்லைட்டும் சேர்ந்தால் இதுதான் நடக்கும், கேமரா பழுதில்லை.

மருந்து சுலபம். ஷட்டரைக் கையால் நூறில் ஒரு நொடி என்று வைத்துவிட்டால், ஒவ்வொரு படத்திலும் சரியாக ஒரு ஏற்ற இறக்கம் விழும், துடிப்பு அடங்கிவிடும். ஜி10-இல் இதைச் செய்யலாம், மச்சான் மறுநாளே வீட்டு டியூப்லைட்டில் செய்து காட்டினான். எல்லாம் தானாகவே நடக்கும் என்று விற்கிற மலிவுப் பெட்டிகளில் ஷட்டரைத் தொடவே முடியாது. ஆனால் மருந்துக்கும் விலை உண்டு, அறுபதில் ஒன்றிலிருந்து நூறில் ஒன்றுக்குப் போனால் வெளிச்சம் 40 சதவீதம் குறைகிறது. பெரிய சென்சாரும் வாய் அகன்ற லென்ஸும் இருந்தால் தாங்கும், இல்லாவிட்டால் துடிப்பு போய் இருட்டு வந்து உட்காரும். திரும்பத் திரும்ப அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர்கள் வாங்கி வரும் மாடல்கள் 50 கணக்கில் எடுப்பவை, ஐம்பதில் ஒரு நொடி ஷட்டரில் நம் கரண்டோடு தானாகவே ஒத்துப்போகும். இப்போதைய தட்டை டிவிகள் பெரும்பாலும் இரண்டையும் காட்டிவிடும் என்பதால், இனி வாங்குகிறவர்களுக்கு 50தான் நல்லது என்பது என் அபிப்பிராயம். ஜப்பான் மாடல் வாங்கினால் மெனுவையும் பார்த்துக்கொள்ளுங்கள், பலவற்றில் ஜப்பானிய எழுத்து மட்டும்தான் இருக்கும்.

ஜெனரேட்டர் ஓடினால் இந்தக் கணக்கெல்லாம் ஆட்டம் காணும். சின்ன ஜெனரேட்டரில் மைக் செட்டும் தண்ணி மோட்டாரும் ஒன்றாகப் போட்டால் அதன் சத்தம் இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள், அப்போது ஹெர்ட்ஸும் கூடவே இறங்குகிறது, நூறில் ஒன்று என்கிற ஷட்டர் சரியாகப் பொருந்தாது. திருவிழா அன்று கரண்ட் இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது என்பதால் இது எங்களுக்குப் பெரிய பிரச்சினை.

கடைசியில் என்ன வாங்கினோம்

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அத்தைக்கு அதுதான் முக்கியம். கனலின் வெளிச்சம் செம்மஞ்சள், டியூப்லைட் நீலம் கலந்த வெள்ளை. இரண்டும் ஒரே முகத்தில் விழும்போது கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை இங்கும் அங்கும் அலைபாயும், ஒரு நொடி முகம் நீலம், அடுத்த நொடி செங்கல். அதை ஒரு இடத்தில் பூட்டி வைக்க வசதி உள்ள கேமராதான் வேண்டும். வெளிச்ச அளவையும் அப்படியே பூட்டவேண்டும், இல்லாவிட்டால் பொறி பறக்கும்போதெல்லாம் கேமரா தானாகக் கண்ணை மூடிக்கொள்ள, மனிதர்கள் கரிக்கட்டையாகிவிடுவார்கள்.

கடைக்குப் போன அன்று மச்சான் ஒரு வேலை செய்தான், எனக்குப் பிடித்திருந்தது. கடையில் நாலா பக்கமும் வெள்ளை விளக்கு, அங்கே எந்தக் கேமராவும் நன்றாகத்தான் தெரியும், அதுவும் அதனுடைய உள்ளங்கை அளவுத் திரையில். அவன் தன்னுடைய அட்டையைப் போட்டு, கேமராவைக் கவுண்டருக்கு அடியில் இருட்டுப் பக்கம் திருப்பி, அங்கே மாமாவைக் குனிந்து கையை ஆட்டச் சொல்லி எடுத்தான். கடைக்காரப் பையன் சிரித்துக்கொண்டே நின்றான். இப்படி ஒவ்வொன்றிலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து டிவியில் போட்டுப் பார்த்தோம். மாமாவின் விரல் எதில் விரலாகத் தெரிகிறது, எதில் கஞ்சியாகக் கரைகிறது என்று அவரே பார்த்துச் சொன்னார். அதன் பிறகு மெகாபிக்சல் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

வாங்கியது கைமாறி வந்த ஒரு கேமராதான், ஒரு அங்குலச் சென்சார், 4கேயும் உண்டு. 4கே இருக்கிறதே என்று மாமாவுக்கும் திருப்தி, நாங்கள் ராத்திரியில் அதை ஃபுல் ஹெச்டியில்தான் ஓட்டுகிறோம், பால்குடத்துக்கு மட்டும் 4கே. பட்ஜெட்டில் மிச்சமிருந்த காசுக்கு 12 வோல்ட் பேட்டரியில் நேராக எரிகிற எல்இடி விளக்குகள் வாங்கினோம். பேட்டரி கரண்ட் ஏறி இறங்காது, அதனால் துடிப்பும் கிடையாது, ஜெனரேட்டர் எப்படி இழுத்தாலும் கவலை இல்லை. கேமராவுக்குச் செலவழித்ததைவிட இந்தச் சின்னச் செலவுதான் படத்தை அதிகமாக மாற்றப்போகிறது என்று நான் நம்புகிறேன். பூசாரி அண்ணனுக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. குழிப் பக்கம் வெளிச்சம் போட்டால் கனலின் அழகு போய்விடும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வெள்ளை விளக்கில் கனல் சாம்பலாகத்தான் தெரியும். அதனால் விளக்கைக் குழிமேல் விழாதபடி, இறங்கி வருகிறவர்களின் முகத்துக்கு மட்டும் பக்கவாட்டில் உயரத்திலிருந்து விழும்படி மூங்கிலில் கட்டுவது, மஞ்சள் நிறக் காகிதம் ஒன்றை முன்னால் ஒட்டுவது என்று பேசி முடித்திருக்கிறோம். சிங்கப்பூர்க்காரர்களுக்கு வைபரில் அனுப்பப்போவதில்லை, யாராவது விமானம் ஏறும்போது பென் டிரைவில் கொடுத்தனுப்பலாம் என்று அத்தை சொல்லிவிட்டார்.